வலி மருந்தும் வார்டுக் குறிப்பேடும்

கடும் வலியைத் தணிக்கும் மருந்துகளுள் மார்பீன் தலையாய ஒன்றாகும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருந்தாளரான செர்ட்யூர்னர் இதனை அபினியிலிருந்து பிரித்தெடுத்தார். அளவைக் குறித்துக் கொடுப்பவர் டாக்டர். ஆயினும், அது உடலில் செய்யும் வேலையை மணிக்கணக்கில் உடனிருந்து காண்பவர் தாதியே. அவர் கண்டதை எழுதாவிடில், அடுத்த முறைக்கு வரும் தாதி அதனை அறிய வழியில்லை.

வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவருக்கு இரவு 10 மணிக்கு மார்பீன் ஊசி போடப்பட்டது என்று கொள்வோம். காலையில் குறிப்பேட்டைப் புரட்டினால், ‘ஊசி போடப்பட்டது, நோயாளி நன்கு உறங்கினார்’ என்ற ஒரே வரி காணப்படுகிறது. இதனைக் குறிப்பு என்று சொல்லுவதற்கில்லை. வலி தணிந்ததால் வந்த உறக்கமா, மருந்து மிகுந்ததால் வந்த மயக்கமா என்பது இதிலிருந்து விளங்காது. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு உயிருக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாடாகவும் ஆகலாம்.

இரத்தத்தில் கரியமிலவாயு சேருங்கால், மூளைத் தண்டிலுள்ள சுவாச மையம் அதனை உணர்ந்து மூச்சை விரைவுபடுத்துதல் இயல்பு. மார்பீன் அவ்வுணர்ச்சியை மழுங்கச் செய்கிறது. மூச்சு குறைவதற்கு முன்னரே பெரும்பாலும் அறிவு மந்தம் தலைகாட்டும். ஆகவே, பேசிக்கொண்டிருக்கையில் வாக்கியம் முடியுமுன் நோயாளிக்குக் கண் செருகுமாயின், மூச்சின் எண்ணிக்கை 14 ஆக இருந்தபோதிலும், அடுத்த வேளை மருந்தை நிறுத்திவைத்து உடனே டாக்டருக்குத் தெரிவித்தல் வேண்டும். மூச்சை அவர் உறங்கும்போதே, தொட்டு எழுப்புவதற்கு முன், முழு ஒரு நிமிடம் எண்ணுவது முறை. 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குவது வேலையைச் சுருக்குமேயன்றி, விட்டுவிட்டு வரும் மூச்சைக் காட்டாது. பலத்த குறட்டையை ஆழ்ந்த துயில் என்று எண்ணி உறவினர் மகிழ்வதுண்டு. அது மூச்சுக்குழல் பாதி அடைபட்டதன் ஓசையாகவும் இருக்கலாம். பிராணவாயு கொடுக்கப்படும் நோயாளியிடம் விரலில் மாட்டும் கருவி நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும்; அதை மட்டும் நம்புதல் தவறு.

மருந்தின் பெயர், அளவு, கொடுத்த வழி, நேரம் ஆகியவற்றுடன், கொடுப்பதற்கு முன்னும் பின்னும் வலி எவ்வளவு என்பதும் எழுதப்பட வேண்டும். இரத்தக் குழாயில் செலுத்தியிருந்தால் 15 முதல் 30 நிமிடத்திலும், வாய்வழி கொடுத்திருந்தால் சுமார் ஒரு மணி நேரத்திலும் மறுபடி கேட்டல் வேண்டும். வலியில்லாமைக்கு 0, தாங்கவொண்ணாத வலிக்கு 10 என்பது வழக்கமான அளவு. இது விளங்காதவரிடம், ரூபாய்க்கு எத்தனை காசு குறைந்தது என்று கேட்டால் விடை தெளிவாக வரும். படுத்திருக்கையில் உள்ள வலி வேறு, இருமும்போது உள்ள வலி வேறு. இரண்டையும் கேட்பது நன்று. இருமலுக்கு அஞ்சி மூச்சை அடக்குபவருக்குச் சளி கட்டி நிமோனியா வரக்கூடும். வலி குறையாதிருப்பின் அதனையும் மறையாது எழுத வேண்டும். மலச்சிக்கலையும் நாள்தோறும் விசாரித்தல் தகும். சிறுநீரகம் பழுதுற்றவரிடம் மருந்தின் சிதைவுப் பொருள்கள் உடலில் தேங்குமாதலால், அவரை இன்னும் கூர்ந்து கவனித்தல் இன்றியமையாதது.

மார்பீனுக்கு மாற்று மருந்து நலாக்ஸோன். அது கொடுத்தவுடன் நோயாளி கண் விழிப்பதைக் கண்டு, அபாயம் நீங்கிற்று என அகன்றுவிடலாகாது. நலாக்ஸோனின் வேகம் மார்பீனின் வேகத்துக்கு முன்பே தணிந்துவிடும், மயக்கம் மீளலாம். எனவே கண்காணிப்பும் குறிப்பும் பல மணி நேரம் தொடர வேண்டும்.

இம்மருந்து 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்கு உட்பட்டது. நோயாளிகளுக்கு இது எளிதில் கிடைக்கும்பொருட்டு 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. ஆயினும், வரவு, செலவு, இருப்புக் கணக்கு தளர்த்தப்படவில்லை. 10 மில்லிகிராம் ஆம்பூலில் 6 மட்டும் செலுத்தப்பட்டதாயின், எஞ்சிய 4 மில்லிகிராமை மற்றொருவர் முன்னிலையில் அழித்து, இருவரும் நேரத்துடன் அப்பொழுதே கையொப்பமிடுதல் நன்முறை. முறை முடிந்து போகும்போது மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று விடுதல் கூடாது.