கேபினெட் என்னும் காற்றுவழி



கணினித் துறையில் வேலை தேட நிரலாக்கம் கற்றால் போதாதா, கேபினெட் தேர்வில் ஏன் இத்தனை கவனம் என்ற கேள்வி, கேபினெட் உறுப்புகளை மூடிவைக்கும் தகரப்பெட்டி மட்டுமே என்ற தவறான எண்ணத்திலிருந்து பிறப்பது. குளிர்ந்த காற்று முன்புறம் நுழைந்து, செயலியும் கிராஃபிக்ஸ் கார்டும் வெளியிடும் வெப்பத்தை ஏந்திக்கொண்டு, பின்புறமும் மேற்புறமும் வெளியேறும் வழியாக அமைவதே நல்ல கேபினெட்.

பிடிஎக்ஸ் தரநிலையின் வரலாறு இதற்குத் தலைசிறந்த சான்று. மதர்போர்டின் அளவையும் திருகுத் துளைகளின் இடத்தையும் வரையறுக்கும் ஏடிஎக்ஸ் தரநிலையை இன்டெல் 1995-இல் வெளியிட்டது. பின்னாளில் பென்டியம் 4 வரிசையின் பிரெஸ்காட் செயலிகளுள் சில 115 வாட் வரை வெப்பம் வெளியிட்டபோது, அதே நிறுவனம் பிடிஎக்ஸ் என்னும் மாற்று அமைப்பை முன்வைத்தது. வெளிக்காற்று முதலில் செயலியின் மீது பட்டு, பிறகு ஏனைய உறுப்புகளைக் கடந்து ஏறத்தாழ நேர்க்கோட்டில் பின்புறம் செல்லுமாறு அதில் உறுப்புகள் இடம்மாற்றப்பட்டன. ஆனால் 2006-இல் 65 வாட் அளவிலான கோர் 2 டியூவோ செயலிகள் வந்தன. அந்த ஆண்டிலேயே இன்டெல் பிடிஎக்ஸைக் கைவிட்டது. வெப்பத்தை வெளியேற்றும் வழியைச் சீராக்குவதும், வெப்பம் பிறக்குமிடத்திலேயே அதைக் குறைப்பதும் ஒரே சிக்கலுக்கான இரு விடைகள் என்பதையும், இரண்டையும் சேர்த்து எடைபோடுவதே பொறியியல் என்பதையும் இவ்வரலாறு காட்டுகிறது.

ஆகவே தேர்வின்போது கிராஃபிக்ஸ் கார்டின் நீளத்தையும் கூலரின் உயரத்தையும் அளந்து பார்க்க வேண்டும். 305 × 244 மில்லிமீட்டர் ஏடிஎக்ஸ் போர்டுக்கும் 170 மில்லிமீட்டர் சதுரமான மினி ஐடிஎக்ஸ் போர்டுக்கும் வேண்டிய இடம் வேறு. வெளியேறும் காற்றைவிட உள்ளிழுக்கும் காற்று சற்று மிகுந்திருந்தால், அதாவது உள்ளழுத்தம் கூடியிருந்தால், காற்று பெரும்பாலும் வடிகட்டி வழியாகவே நுழையும். இடுக்குகளில் தூசி புகுவது குறையும். காற்று நுழைய இடமின்றி முகப்பைக் கண்ணாடியால் அடைத்து, உள்ளே வண்ண விளக்குகளை நிரப்பிய கேபினெட்டுக்குப் பணம் கொடுப்பது பொறியியல் பயில்வோருக்கு அழகன்று.

டிரேசி கிடரின் ‘தி சோல் ஆஃப் எ நியூ மெஷின்’ (1981) இத்துறைக்கு வருவோர் அனைவரும் படிக்க வேண்டிய நூல். போட்டி நிறுவனத்தின் வாக்ஸ் கணினியைத் திறந்து பார்த்த டாம் வெஸ்ட் என்னும் பொறியாளர், அதன் உள்ளமைப்பிலிருந்து அந்நிறுவனத்தின் நிர்வாக அமைப்பையே ஊகிப்பதை அது விவரிக்கிறது. பெட்டியைத் திறந்து பார்ப்பதும் படிப்பே.

தரவு மையங்களிலும் இதே இயற்பியல்தான். சர்வர்கள் முன்புறம் குளிர்ந்த காற்றை இழுத்துப் பின்புறம் வெப்பக்காற்றைத் தள்ளுவதால், குளிர்ப்பாதையும் வெப்பப்பாதையும் கலவாமல் அடுக்குகள் வரிசைப்படுத்தப்படுகின்றன; உட்புகும் காற்றுக்கு 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை பரிந்துரைக்கப்படுகிறது. ஒரு கணினியைத் தன் கையால் பூட்டி, சுமையேற்றி, வெப்பநிலையைக் குறித்துவைத்து, மின்விசிறிகளை இடம்மாற்றி மீண்டும் அளந்து பார்த்த மாணவர், காரணத்தைச் சோதித்து அறியும் பழக்கத்தைப் பெறுகிறார். வன்பொருள் பராமரிப்பில் தொடங்கினாலும் நிரலாக்கத்தில் தொடங்கினாலும், தொழிலில் அவரை உயர்த்துவது அந்தப் பழக்கமே.