திருடி வைத்தால்தான் வளருமா?

நம்பிக்கை: மணி பிளாண்ட்டை விலைக்கு வாங்கி வைத்தால் வளராது. யார் வீட்டிலாவது கேட்காமல் ஒடித்துவந்து தண்ணீரில் போட்டால்தான் செழிக்கும்.

உண்மை: வேர்விடுவது கணுவால். இலைக்காம்பு தண்டோடு சேருமிடத்தில் சற்றே புடைத்திருக்கிறதே, அதுதான் கணு. மணி பிளாண்ட்டில் அங்கே பழுப்புநிறக் காற்றுவேரின் முளை முன்பே இருக்கும். தண்ணீர் பட்டதும் அது நீளத் தொடங்கும். அவசரமாக ஒடித்தாலும் முற்றிய கொடியில் இரண்டு மூன்று கணுக்கள் கூடவே வந்துவிடுகின்றன. கேட்டு வாங்கிய கொடியும் அதே போலத்தான் வேர்விடும். பசிபிக் கடலின் மூரியா தீவைச் சேர்ந்த இந்தக் கொடி பூப்பது மிக மிக அபூர்வம். விதைக்கு வழியில்லாததால், கை மாறிக் கை மாறி வந்த தண்டுத் துண்டுகளாகவே அது உலகமெங்கும் பரவியது. பக்கத்து வீட்டில் கூச்சப்படாமல் கேளுங்கள்.

இலையை மட்டும் காம்போடு கிள்ளிவந்து போடுபவர்களும் உண்டு. சில நேரம் அதிலும் வேர் வரும். பார்க்க ஆசையாகவும் இருக்கும். ஆனால் துளிர் வராது. துளிர்க்கும் மொட்டு கணுவில்தான் இருக்கிறது.

நம்பிக்கை: எந்தச் செடியையும் தண்ணீரில் வேர்விடச் செய்யலாம்.

உண்மை: புதினா, துளசி, கற்பூரவல்லி, கோலியஸ் போன்ற இளந்தண்டுச் செடிகள் எளிதில் வேர்விடும். கட்டைத்தண்டு உள்ளவற்றில் அரளி விடும். ரோஜாவும் காகிதப்பூவும் பெரும்பாலும் அழுகிப்போகும். கறிவேப்பிலைக்கு விதையோ, தாய்மரத்தடியில் கிளம்பும் பக்கக்கன்றோதான் நம்பகமான வழி. முருங்கைப் போத்தை நேரே மண்ணில் ஊன்றுங்கள்.

நம்பிக்கை: சர்க்கரையோ ஆஸ்பிரினோ உரமோ கலந்தால் வேர் சீக்கிரம் வரும்.

உண்மை: சர்க்கரை பாக்டீரியாவுக்குத்தான் தீனி, தண்ணீர் கலங்கும், வெட்டிய இடம் அழுகும். வேரைத் தூண்டும் ஆக்சின் என்ற ஹார்மோனைத் தண்டின் நுனியும் இளம் இலைகளும் தாமே தயாரித்துக் கீழே அனுப்புகின்றன. ஆகவே நுனியில் இரண்டு மூன்று இலைகளை விட்டுவையுங்கள்; தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளை மட்டும் கிள்ளிவிடுங்கள்.

தண்ணீருக்குள் தண்டுக்கு உண்மையில் தட்டுப்பாடாக இருப்பது ஆக்சிஜன். ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்து நிற்பதோ சுமார் 7.5 மில்லிகிராம்தான். தண்ணீர் சூடாகச் சூடாக அதுவும் குறையும். நம் சித்திரை வெயிலில் ஜன்னலோரம் வைத்த தண்டு அழுகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பாட்டிலை வெளிச்சமுள்ள நிழலில் வைத்து, மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினால் போதும். எந்த மருந்தும் இதற்கு ஈடாகாது.

நம்பிக்கை: வேர் நீளமாக, அடர்த்தியாக வளர்ந்தபின் மண்ணுக்கு மாற்றுவதே நல்லது.

உண்மை: தண்ணீரில் வளர்ந்த வேர் சட்டென்று முறியும், மண்ணில் நீரை உறிஞ்ச உதவும் வேர்த்தூவிகளும் அதில் குறைவு. ஓரிரு அங்குலம் வந்ததுமே மாற்றிவிடுங்கள். முதல் இரண்டு வாரம் மண் காயக்கூடாது. அந்த நாட்களில் இலை சற்று வாடினால் செடி செத்துவிட்டதென்று பிடுங்கி எறியாதீர்கள்.

கடைசி நம்பிக்கைதான் ஆபத்தானது: சுத்தமான தண்ணீரில் கொசு வராது.

உண்மை: டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேடிவருவதே வீட்டில் தேங்கி நிற்கும் தெளிந்த நீரைத்தான். நீர்மட்டத்தை ஒட்டிப் பாத்திரத்தின் உட்சுவரில் அது முட்டையிடும். அந்த முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடு இருக்கும். குறைந்த தண்ணீருக்கு மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்புகிறோமே, அதுவே அவை பொரிக்க வழி. நம் வெப்பத்தில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். எனவே மேலே ஊற்றி நிரப்புவதை விட்டுவிடுங்கள். தண்ணீர் மாற்றும்போதெல்லாம் பாட்டிலை முழுக்கக் கொட்டி, உட்சுவரைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதை ஒருமுறைகூடத் தள்ளிப்போடாதீர்கள்.