ராணுவத் தேர்வுக்குப் போகும் தம்பிகளுக்கு

திருவந்திபுரம் பக்கம் அக்னிவீர் தேர்வுக்காக விடியற்காலையில் ஓடிப் பழகுபவர்கள் மருத்துவ விவரத்தையும் இப்போதே தயார் செய்யுங்கள். வலிப்பு, ஆஸ்துமா, எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை எதையும் மறைக்க வேண்டாம். பழைய மருத்துவச் சீட்டு தொலைந்திருந்தால், கடலூர் அரசு தலைமை மருத்துவமனையோ சிதம்பரம் மருத்துவக் கல்லூரியோ, சிகிச்சை பெற்ற இடத்திலேயே நகல் கேளுங்கள். காது அழுக்கு, சொத்தைப் பல் போன்றவற்றை முன்பே சரிசெய்துவிடலாம். மருத்துவப் பரிசோதனையில் தகுதியில்லை என்று சொல்லிவிட்டால், குறித்த நாளுக்குள் ராணுவ மருத்துவமனையில் மறுபரிசோதனைக்குப் போக வழி உண்டு. மறைத்தது பிறகு தெரிந்தால் வேலையே போகலாம். வலிப்பை மறைத்தவர் துப்பாக்கியோடு காவலில் நிற்பது அவருக்கும் ஆபத்து, பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. "சொல்லாதே, பார்த்துக்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.