மதிப்பெண்ணும் நட்பும்: ஓர் ஒட்டுறவுக் கணக்கு

"நன்றாகப் படிப்பவனுக்கு நண்பர்கள் குறைவு" என்பர் சிலர். "வகுப்பில் முதலாவதாக வருபவனைச் சுற்றித்தான் எப்போதும் கூட்டம்" என்பர் வேறு சிலர். எது சரி? மதிப்பெண்ணை அளக்கத் தேர்வு உண்டு. நட்பை எப்படி அளப்பது?

இதற்கு ஒரு வழி கண்டவர் ஜேக்கப் மொரேனோ என்ற மருத்துவர். இவர் வியன்னாவில் மருத்துவம் பயின்று, 1925ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்றவர். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிப் பள்ளி ஒன்றில், "உன் பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என விரும்புகிறாய்?" என்று மாணவர்களைக் கேட்டார். விடைகளைப் படமாக வரைந்தார். சிறுவனுக்கு முக்கோணம், சிறுமிக்கு வட்டம். விரும்பியவரிடமிருந்து விரும்பப்பட்டவருக்கு ஒரு கோடு. சிலரை நோக்கிப் பல கோடுகள் சென்றன. சிலரை நோக்கி ஒன்றுகூடச் செல்லவில்லை. இவ்வாய்வுகள் 1934ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. இத்துறையைச் சமூக அளவியல் என்கிறோம்.

இனி இரண்டு அளவுகளையும் ஒப்பிடுவோம். ஆங்கிலேய உளவியல் அறிஞர் சார்லஸ் ஸ்பியர்மன் 1904ஆம் ஆண்டில் விளக்கிய வரிசை ஒட்டுறவு முறை இதற்கு உதவும். ஐந்து மாணவர்களைக் கற்பனை செய்துகொள்வோம். மதிப்பெண்ணில் ஒரு வரிசை எண். வந்து சேர்ந்த கோடுகளின் எண்ணிக்கையில் மற்றொரு வரிசை எண்.

மாணவர் | மதிப்பெண் வரிசை | நட்பு வரிசை | வேறுபாடு | அதன் வர்க்கம்
அ | 1 | 3 | 2 | 4
ஆ | 2 | 1 | 1 | 1
இ | 3 | 5 | 2 | 4
ஈ | 4 | 2 | 2 | 4
உ | 5 | 4 | 1 | 1

வர்க்கங்களின் கூடுதல் 14. இதை 6ஆல் பெருக்க 84. மாணவர் எண்ணிக்கை 5; அதன் வர்க்கத்தில் ஒன்று குறைய 24; இரண்டின் பெருக்கல் 120. 84ஐ 120ஆல் வகுக்க 0.7. இதை 1இலிருந்து கழித்தால் 0.3. இதுவே ஒட்டுறவுக் கெழு.

இரு வரிசைகளும் முற்றிலும் ஒத்திருந்தால் கெழு +1. தலைகீழாக இருந்தால் -1. தொடர்பே இல்லையெனில் 0 அளவில் இருக்கும். நம் விடை சிறிய நேர் ஒட்டுறவு. ஐந்து பேரை வைத்து முடிவு கட்டலாகாது. இது தற்செயலாகவும் வரலாம். ஆனால் உண்மையான வகுப்புகளில் நடந்த பல ஆய்வுகளிலும் பொதுவாகச் சிறிய நேர் ஒட்டுறவே தென்பட்டது. எனவே தொடக்கத்தில் கண்ட இரண்டு கூற்றுகளுமே மிகையானவை. ஒருவனின் மதிப்பெண்ணைக் கொண்டு அவனுடைய நட்பு வட்டத்தை ஊகிக்க இயலாது.

ஒட்டுறவு காரணத்தைச் சொல்லாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நன்றாகப் படிப்பதால் நண்பர்கள் சேரலாம். நண்பர்களுடன் சேர்ந்து படிப்பதால் மதிப்பெண் உயரலாம். பிறர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கும் பழக்கம் இரண்டையும் வளர்க்கலாம்.

மேலும், கோடுகளின் எண்ணிக்கை நட்பின் ஆழத்தைக் காட்டாது. நட்பு வரிசையில் கடைசியில் நிற்கும் 'இ'க்கு வந்தது ஒரே கோடுதான் என்று வைத்துக்கொள்வோம். அவன் அனுப்பிய கோடும் அதே நண்பனிடம் சென்றிருந்தால், அவன் தனியன் அல்லன். பல கோடுகள் பெற்ற ஒருவனுக்கு இத்தகைய இருவழிக் கோடு ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம்.

செய்து பாருங்கள்: உங்கள் கணித, தமிழ் மதிப்பெண் வரிசைகளைப் பத்து நண்பர்களுடன் சேர்ந்து இம்முறையில் ஒப்பிடுங்கள். நட்புக் கணக்கை மட்டும் வகுப்பில் பெயர் சொல்லி நடத்த வேண்டாம். கோடு வராதவர் மனம் நோகும்; அவருக்கு வேண்டியது வரிசை எண் அன்று, பக்கத்தில் வந்து உட்கார ஒருவர்.