மனையும் மனைவியும்: காவிரிப் படுகையில் உறைவிட உரிமை

மருதத் திணையின் உரிப்பொருள் ஊடல். பரத்தையிற் பிரிந்து மீளும் தலைவனுக்குத் தலைவியோ தோழியோ வாயில் மறுப்பது அத்திணையில் பெருவழக்கான துறை. மனைக்குள் இருப்பவளுக்குக் கதவடைக்கும் உரிமை உண்டு என்னும் எடுகோளின் மேல் அத்துறை நிற்கிறது. ஆயின் மனை யாருடையது என்னும் வினா அங்கு எழுவதில்லை. ‘மனைவி’, ‘இல்லாள்’ ஆகிய சொற்கள் பெண்ணை வீட்டைக் கொண்டே பெயரிடுகின்றன. ‘இல்லாள்’ வீட்டை ஆள்பவளாக, ‘இல்லான்’ பொருளற்றவன் ஆகிறான் என்று தமிழறிஞர் நயம் பாராட்டுவதுண்டு; ஆவணப் பதிவுகளில் நிலை இதற்கு மாறானது.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 26.10.2006 முதல் நடைமுறைக்கு வந்தது. உடைமையுரிமை இருப்பினும் இல்லையெனினும், பகிர்ந்து வாழும் இல்லத்தில் பெண் உறையலாம் என்கிறது பிரிவு 17. பிரிவு 19இன்படி, வன்முறை செய்தவரையே வீட்டைவிட்டு வெளியேறுமாறு நடுவர் ஆணையிடலாம். மாற்று உறைவிடமோ வாடகையோ தருமாறும் பணிக்கலாம். பெண்ணொருவரை வெளியேற்றும் ஆணை மட்டும் இயலாது. அடிபட்டவரே பிறந்தகம் செல்லவேண்டும் என்ற வழக்கத்தை இச்சட்டம் தலைகீழாக்கியது எனலாம்.

நடைமுறைக்கு வந்து இரண்டு மாதம் நிறைவதற்குள், 15.12.2006 அன்று, பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்வுரிமையைச் சுருக்கியது. கணவனுக்கு உரியதாகவோ, அவன் வாடகைக்கு எடுத்ததாகவோ, அவன் உறுப்பினனாயுள்ள கூட்டுக் குடும்பத்திற்கு உரியதாகவோ உள்ள வீடே பகிர்ந்து வாழும் இல்லம் என்றும், மாமியாருக்கு உரிய வீடு அதில் அடங்காது என்றும் அது கூறிற்று. சொத்து மாமனார் அல்லது மாமியார் பெயரில் நீடிக்கும் குடும்பங்களில் இத்தீர்ப்பு மருமகளின் உரிமையைப் பெயரளவினதாக்கியது. மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு 15.10.2020 அன்று சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் அக்கருத்தைத் தவறெனத் தள்ளியது. எனினும் அவ்வுரிமை முற்றுரிமையன்று. முதிய பெற்றோரின் அமைதியான வாழ்வுரிமையோடு சீர்தூக்கப்படவேண்டியது என்றும் அதே தீர்ப்பு வரையறுத்தது. இடைப்பட்ட ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகளில் வாயில் அடைக்கப்பட்டவர்க்கு இத்திருத்தம் காலங்கடந்தது.

காவிரிப் படுகையில் வினா மேலும் சிக்கலுறுகிறது. பிறர் நிலத்தில் குடிசையிட்டு வாழ்ந்த விவசாயத் தொழிலாளர்க்கு 1971ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம் மனையுரிமை வழங்கிற்று. நிலவுடைமையாளரை எதிரில் வைத்து எழுதப்பட்ட அச்சட்டம், குடிசைக்குள் கணவன் மனைவி இருவரில் உரிமை எவர்க்கு என்று கேட்கவில்லை. வாய்க்கால் கரைப் புறம்போக்கில் வாழும் பெண்ணின் நிலை இன்னும் நெகிழ்வானது; கணவனுக்கே உரிமை உறுதிப்படாத கூரையின்கீழ் அவள் பெறும் உறைவிட ஆணை, கூரை உள்ளவரையே செல்லும்.

உறைவது ஓர் உரிமை, உடைமை மற்றோர் உரிமை என்னும் இவ்வேறுபாடு முக்கியமானது. 1991 வரை தஞ்சை மாவட்டத்துக்குள் இருந்த நாகைப் பகுதியில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் 1981இல் தொடங்கிய ‘லாப்டி’ இயக்கம், நிலமற்ற தலித் குடும்பங்களுக்குப் பெற்றுத்தந்த நிலத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணை வீட்டினுள் இருத்துகிறது. இயக்கம் பத்திரத்தில் அவள் பெயரை எழுதியது.