செத்தும் ஆறாத உடல்

ஓர் அண்டா வெந்நீரையும் ஒரு தம்ளர் வெந்நீரையும் ஒரே நேரத்தில் இறக்கி வைத்துப் பாருங்கள். தம்ளர் நீர் விரைவில் ஆறிவிடும். அண்டா நீர் நெடுநேரம் சூடாகவே இருக்கும். வெப்பம் பொருளின் பரப்பு வழியே வெளியேறுகிறது. அடங்கியுள்ள வெப்பமோ கன அளவைப் பொறுத்தது. ஒரே வடிவமுள்ள பொருளின் நீளம் 10 மடங்கானால் பரப்பு 100 மடங்கும், கன அளவு 1000 மடங்கும் ஆகும்.

இனி 25 மீட்டர் நீளமுள்ள நீலத் திமிங்கலத்தை எடுத்துக்கொள்வோம். அதன் உடல்வெப்பம் ஏறத்தாழ நம்முடையதே. தோலுக்கடியில் வெப்பத்தை எளிதில் கடத்தாத கனத்த கொழுப்புப் படலம் வேறு! உயிரோடிருக்கும்போது துடுப்புகளிலும் வாலிலும் ஓடும் இரத்தம் மிகையான வெப்பத்தைக் கடலுக்குக் கொடுத்துவிடும். இறந்ததும் அந்த ஓட்டம் நின்றுவிடுகிறது. சுற்றிலும் பனிக்கட்டி மிதக்கும் அண்டார்க்டிக் கடலிலும் உடலின் உட்பகுதி ஆறாமல் அழுகத் தொடங்கும். கொழுப்பு கெட்டால் எண்ணெயில் அமிலம் கூடும், விலை குறையும்.

திமிங்கல வேட்டைக்காரர்களின் பெரிய தொல்லை இதுதான். கொல்வது அவர்களுக்கு எளிதாகிவிட்டது. நார்வே நாட்டு ஸ்வென்ட் ஃபோய்ன் வெடிகுண்டு பொருத்திய ஈட்டிக்கு 1870இல் காப்புரிமை பெற்றார். இறந்ததும் மூழ்கும் உடலுக்குள் காற்றைச் செலுத்தி மிதக்கவிட்டார்கள். ஆனால், அது கெடுவதற்குள் கரைக்கோ அமைதியான துறைமுகத்துக்கோ இழுத்து வரவேண்டும். தெற்கு ஜார்ஜியா தீவில் 1904இல் லார்சன் அமைத்த கிரிட்விக்கன் நிலையம் அப்படிப்பட்டது. அத்தீவு பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்ததால் உரிமம் பெறவேண்டும், விதிகளுக்குக் கட்டுப்படவேண்டும்.

1925இல் 'லான்சிங்' என்ற ஆலைக்கப்பல் வந்தது. அதன் பின்புறத்தில் நீர்மட்டம்வரை இறங்கும் ஒரு சாய்தளம் இருந்தது. ஆம், பீப்பாயை லாரியில் ஏற்றும் கணக்கில் நீங்கள் படித்த அதே எளிய எந்திரம்! நீராவியால் இயங்கும் இழுவைப்பொறிகள் முழு உடலையும் மேல்தளத்துக்கு இழுத்தன. நீண்ட கத்திகளால் கொழுப்பைப் பட்டைபட்டையாக உரித்து, கீழேயிருந்த கொதிகலன்களில் உருக்கினார்கள். எண்ணெய் மார்கரினுக்கும் சோப்புக்கும் போயிற்று. நடுக்கடலிலேயே வேலை முடிந்ததால் கரை தேவைப்படவில்லை. கரையின் உரிமமும் தேவைப்படவில்லை. 1930-31 பருவத்தில் மட்டும் அண்டார்க்டிக் கடலில் 29,000க்கும் மேற்பட்ட நீலத் திமிங்கலங்கள் கொல்லப்பட்டன.

பின்னர் வந்த கட்டுப்பாட்டிலும் ஒரு கணக்குப் பிழை இருந்தது. 1 நீலத் திமிங்கலத்துக்கு 2 துடுப்புத் திமிங்கலம் சமம் என எண்ணெய் அளவை வைத்து அலகு வகுத்தார்கள். மொத்த அலகுக்குத்தான் வரம்பு, இனவாரியாக இல்லை. ஒரே துரத்தலில் முழு அலகு கிடைக்கும்போது எந்தக் கப்பல்தலைவன் நீலத் திமிங்கலத்தை விடுவான்? சர்வதேசத் திமிங்கல ஆணையம் வணிக வேட்டையை நிறுத்த 1982இல் முடிவெடுத்தபோது, அண்டார்க்டிக் நீலத் திமிங்கலங்களில் முன்பிருந்ததில் நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சியிருக்கவில்லை.