பாலேவாடியில் எழுதப்பட்ட கால்பந்து வரலாறு

கேள்வி: 2022 மகளிர் ஆசியக் கோப்பையில் இந்தியா ஏன் பாதியிலேயே வெளியேறியது? எங்கள் ஊரில் முக்கியமான ஆட்டம் ஏதும் நடந்ததா?
– ஒரு வாசகி, புனே

பதில்: தோற்று வெளியேறவில்லை என்பதுதான் இன்றும் மனதை அறுக்கிறது. ஜனவரி 20 அன்று நவி மும்பையில் ஈரானுடன் 0-0 என டிரா. 23ஆம் தேதி சீன தைபேயுடன் மோத வேண்டும். அதற்குள் முகாமில் கொரோனா பரவிவிட்டது. விதிப்படி தேவையான 13 வீராங்கனைகள் தேறவில்லை. ஆட்டம் ரத்தானது, போட்டியை நடத்திய நாடே விலகியதாகக் கணக்கானது. இந்துமதி கதிரேசன், மாரியம்மாள் என நம் தமிழகப் பெண்களும் இருந்த அணி அது. உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றும் அதுவே என்பதால் இழப்பு பெரிது.

உங்கள் ஊருக்கு வருவோம். இரண்டு அரையிறுதிகளும் பாலேவாடி ஸ்ரீ சிவ சத்ரபதி மைதானத்தில்தான் நடந்தன. சீனா–ஜப்பான் ஆட்டத்தை எப்படி மறப்பது! கூடுதல் நேரத்தில் ஜப்பான் 2-1 என முன்னிலை. 119ஆவது நிமிடத்தில் சீனத் தலைவி வாங் ஷான்ஷான் சமன் செய்தார். பெனால்டியில் 4-3 எனச் சீனா வென்றது, பிறகு கோப்பையையும். அதே மைதானத்தில் காலிறுதியில் தைபேயைப் பெனால்டியில் வீழ்த்தித்தான் பிலிப்பைன்ஸ் முதன்முறையாக உலகக் கோப்பைக்குள் நுழைந்தது.

2022இல் அப்படி விலக நேர்ந்த நம் இந்திய அணிப் பெண்கள் 2025 ஜூலையில் தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என வென்று, 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். இம்முறை போட்டியை நடத்தும் நாடு என்ற சலுகையில் அல்ல, ஆடி வென்று.